சித்திரம் ரெடி... சுவர் எங்கே? ஷார்க்ஸ் அணியின் இளம்படையும் டிஃபென்ஸ் சிக்கலும்

2023 நவம்பர் 2. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரம். சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால், ஷார்க்ஸ் ஐஸ் ஹாக்கி அணி வான்கூவரிடம் 1-10 என்ற கணக்கில் தோற்றது. "சரி, எல்லாருக்கும் ஒரு கெட்ட நாள் வரும்தானே" என்று மனதைத் தேற்றிக்கொண்டு நவம்பர் 4 அன்று மறுபடியும் அரங்குக்கு வந்தவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி. இந்த முறை எதிரணி பிட்ஸ்பர்க். ஸ்கோர் 2-10.

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக மூன்று கோல் அடிக்கும். பத்து கோல் வாங்குவது என்பது டி20 ஆட்டத்தில் 270, 280 ரன் கொடுப்பது மாதிரி. அதையும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில்!

அன்றிரவு பிட்ஸ்பர்க் சட்டையில் ஆடியவர்களில் ஒருவர் எரிக் கார்ல்சன். லீகின் சிறந்த டிஃபென்டருக்கான நாரிஸ் கோப்பையை அதே ஆண்டு கோடையில் வாங்கியவர். அந்த விருது அவருக்குக் கிடைத்தது ஷார்க்ஸ் அணிக்காக ஆடியதற்கு. ஆகஸ்ட் மாதமே ஷார்க்ஸ் அவரை பிட்ஸ்பர்குக்குக் கைமாற்றிவிட்டது.

இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2025-26 சீசன் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், அதே ஷார்க்ஸ் அணியைப் பற்றிப் பேசினால் எல்லோர் முகத்திலும் ஒரு மலர்ச்சி. காரணம், உலகின் மிகச் சிறந்த இளம் ஃபார்வர்டுகள் சிலர் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு இரவுகள் எழுப்பிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கோல் அடிக்க ஆள் வந்தாச்சு, கோலைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

ஷார்க்ஸ்: ஒரு சின்ன அறிமுகம்

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்தான் என்.எச்.எல். மொத்தம் 32 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் சீசனுக்கு 82 ஆட்டங்கள். அதில் முன்னிலை பெறும் 16 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். கடைசியில் வெல்பவர்களுக்கு ஸ்டான்லி கோப்பை.

நம்மூர் ஐ.டி. ஆட்கள் பலருக்கும் பழகிப்போன சிலிக்கான் பள்ளத்தாக்கின் அணி ஷார்க்ஸ். 1991-ல் ஆடத் தொடங்கியது. இதுவரை ஒரு ஸ்டான்லி கோப்பைகூட இல்லை. 2016-ல் இறுதிப்போட்டி வரை போய் பிட்ஸ்பர்கிடம் தோற்றார்கள். 2019-ல் அரையிறுதிக்குச் சமமான சுற்றில் செயின்ட் லூயிஸிடம் விழுந்தார்கள். அதன் பிறகு தொடர்ந்து ஆறு சீசன்களாகப் பிளேஆஃப் வாசலையே மிதிக்கவில்லை.

இந்த வீழ்ச்சியின் விதை எங்கே விழுந்தது என்று தேடினால், அதுவும் டிஃபென்ஸில்தான் போய் நிற்கிறது. 2018 செப்டம்பரில் ஒட்டாவா அணியிடமிருந்து கார்ல்சனை ஷார்க்ஸ் வாங்கியது. அணியில் ஏற்கெனவே 2017-ல் நாரிஸ் வென்ற ப்ரென்ட் பர்ன்ஸ் இருந்தார். இரண்டு பேரும் ஒரே அணியில் என்றால் கோப்பை நிச்சயம் என்று கணக்குப் போட்டார்கள். அதற்காகக் கொடுத்த விலையில் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் அடக்கம். அந்த உரிமையைக் கொண்டு 2020-ல் ஒட்டாவா மூன்றாவது இடத்தில் எடுத்தவர்தான் டிம் ஸ்டூட்ஸ்லே. இன்று அந்த அணியின் முகமே அவர்தான். கார்ல்சனுக்கோ 2019-ல் எட்டு ஆண்டு, 9.2 கோடி டாலர் ஒப்பந்தம்.

கோப்பை வரவில்லை. வீரர்களுக்கு வயது ஏறியது, சம்பளக் கணக்கில் இடம் இறுகியது. 2022 ஜூலையில் பொதுமேலாளராக வந்த மைக் கிரியர், "இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை, இடித்துக் கட்டுவோம்" என்ற பாதையை எடுத்தார். பர்ன்ஸ் போனார், டீமோ மையர் போனார், கார்ல்சன் போனார், டோமாஸ் ஹெர்ட்ல் போனார். 2023-24-ல் 47 புள்ளிகள், 2024-25-ல் 52 புள்ளிகள். இரண்டு முறையும் 32 அணிகளில் 32-வது இடம்.

சித்திரம்: கண்ணைப் பறிக்கும் இளம்படை

கடைசி இடத்துக்கு என்.எச்.எல். ஒரு பரிசு வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில், 18 வயது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் பலவீனமான அணிகளுக்கு முன்னுரிமை. முதல் இடம் யாருக்கு என்பதை லாட்டரி முடிவு செய்யும். கடைசி இடத்து அணிக்கு அதில் வாய்ப்பு அதிகம்.

அப்படிக் கிடைத்தவர்தான் மேக்லின் செலிப்ரினி. 2024 டிராஃப்டின் முதல் வீரர். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் உயரிய விருதான ஹோபி பேக்கரை வென்றவர்களிலேயே மிக இளையவர். என்.எச்.எல்.-ல் முதல் சீசனில் 70 ஆட்டம், 25 கோல், 38 அசிஸ்ட். லீகிலேயே மோசமான அணியில் இருந்துகொண்டு, காயத்தால் 12 ஆட்டங்களைத் தவறவிட்டு, 18 வயதில் இதைச் செய்தார். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையின் இறுதிப் பட்டியலிலும் இடம் பிடித்தார்.

அவர் தோழர் வில் ஸ்மித் (ஹாலிவுட் நடிகர் இல்லை!) 2023-ன் நான்காவது தேர்வு. முதல் சீசனில் 45 புள்ளிகள். 2021-ன் ஏழாவது தேர்வான வில்லியம் எக்லுண்ட் 2024-25-ல் 58 புள்ளிகள் எடுத்தார். இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் மைக்கேல் மிஸா, 2025-ன் இரண்டாவது தேர்வு. ஜூனியர் லீகில் 65 ஆட்டங்களில் 62 கோல் உட்பட 134 புள்ளிகள் குவித்துவிட்டு வந்திருக்கிறார். கோல் காக்க, நாஷ்வில் அணியிடமிருந்து வாங்கிய யாரோஸ்லாவ் அஸ்கரோவ் இருக்கிறார்.

பட்டியலை மறுபடி ஒரு முறை பாருங்கள். செலிப்ரினி, ஸ்மித், எக்லுண்ட், மிஸா: நான்கு பேருமே ஃபார்வர்டுகள்.

இதில் ஒரு விதியின் விளையாட்டும் உண்டு. 2024-25-ல் கடைசி இடம் பிடித்த ஷார்க்ஸுக்கு 2025 லாட்டரியில் முதல் இடம் கிடைக்க 25.5 சதவீத வாய்ப்பு இருந்தது. ஆனால் வெறும் 3.5 சதவீத வாய்ப்பு வைத்திருந்த நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அவர்கள் எடுத்த வீரர் மேத்யூ ஷேஃபர். அந்த டிராஃப்டின் மிகச் சிறந்த டிஃபென்டர். ஷார்க்ஸுக்கு எது தேவையோ அது ஒரு லாட்டரிப் பந்து தூரத்தில் கைநழுவியது.

சுவர்: டிஃபென்டர் ஏன் லேசில் கிடைப்பதில்லை?

ஒரு ஆட்டத்துக்கு ஓர் அணி 20 பேரைக் களமிறக்கும். 12 ஃபார்வர்டுகள், 6 டிஃபென்டர்கள், 2 கோல்கீப்பர்கள். ஐஸ் மீது ஒரு நேரத்தில் மூன்று ஃபார்வர்டுகள், இரண்டு டிஃபென்டர்கள், ஒரு கோல்கீப்பர். ஃபார்வர்டுகள் நான்கு வரிசையாக மாறி மாறி வருவார்கள். டிஃபென்டர்கள் மூன்றே ஜோடிகள்தான். அதனால் முதல் ஜோடியில் இருக்கும் டிஃபென்டர் 60 நிமிட ஆட்டத்தில் 23 முதல் 25 நிமிடம் வரைகூட ஆட வேண்டிவரும். ஒரு பலவீனமான ஃபார்வர்டை நான்காவது வரிசையில் ஒளித்துவைக்கலாம். பலவீனமான டிஃபென்டரை ஒளித்துவைக்க இடமே கிடையாது.

வேலையும் அவ்வளவு சுலபமில்லை. எதிரணி வீரர் முழு வேகத்தில் முன்னால் பாய்ந்து வர, டிஃபென்டர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே அவரைச் சமாளிக்க வேண்டும். பக் கையில் கிடைத்ததும் அடுத்த நொடியே யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஃபார்வர்ட் தப்பு செய்தால் வாய்ப்பு போகும், டிஃபென்டர் தப்பு செய்தால் கோல் போகும். இந்த நிதானம் பயிற்சி மைதானத்தில் மட்டும் வராது, ஆட ஆடத்தான் வரும். 18, 19 வயதில் ஜொலிக்கும் ஃபார்வர்டுகள் பலர் உண்டு. டிஃபென்டர்களில் அது அரிது. பெரும்பாலானோர் நிலைபெறுவதற்குள் 22, 23 வயது ஆகிவிடும்.

கை கணக்கும் ஒன்று இருக்கிறது. ஹாக்கி மட்டையை இடப்பக்கமாகப் பிடித்து அடிப்பவர்கள், வலப்பக்கமாக அடிப்பவர்கள் என்று இரண்டு வகை. ஒரு ஜோடியில் வகைக்கு ஒருவர் இருப்பதைத்தான் பயிற்சியாளர்கள் விரும்புவார்கள். டிஃபென்டர்களில் வலக்கை ஆட்கள் குறைவு. அதனால் அவர்களுக்குச் சந்தையில் விலை எப்போதும் எகிறும். 2025 ஜூனில் நோவா டாப்சன் என்ற 25 வயது வலக்கை டிஃபென்டருக்காக மான்ட்ரியல் அணி கொடுத்தது என்ன தெரியுமா? 16, 17-வது இடங்களில் இருந்த இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் ஒரு வீரரும். ஆண்டுக்கு 95 லட்சம் டாலர் வீதம் எட்டு ஆண்டு சம்பளம் அதற்கு மேல்!

இப்போது சுவர் எப்படி இருக்கிறது?

ஷார்க்ஸ் 2024-25-ல் வாங்கிய கோல்கள் 300-க்கும் மேல். அதன் பிறகு நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. 19 சீசன்கள், 1,323 ஆட்டங்கள் ஷார்க்ஸுக்காகவே ஆடிய மார்க்-எட்வர்ட் விளாசிக்கின் ஒப்பந்தத்தைக் காசு கொடுத்து முடித்துவைத்தது. டிமிட்ரி ஓர்லோவை இரண்டு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் சம்பளத்தில் எடுத்தது. ஜான் கிளிங்பெர்க் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தார். செயின்ட் லூயிஸ் கைவிட்ட நிக் லெடியையும் சேர்த்துக்கொண்டது. ஏற்கெனவே இருக்கும் மரியோ ஃபெராரோ, டிமோத்தி லில்யெக்ரென், வின்சென்ட் டெஷார்னே ஆகியோருடன் சேர்த்தால், ஆறு இடங்களுக்கும் அனுபவசாலிகள் தயார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர்லோவுக்கு 34 வயது, லெடிக்கு 34, கிளிங்பெர்குக்கு 33. இது சுவர் இல்லை, வீடு கட்டும்போது நிறுத்தும் சாரம். அதைவிட முக்கியமான விஷயம், இந்த ஆறு பேரில் ஓர்லோவைத் தவிர மற்ற ஐந்து பேரின் ஒப்பந்தமும் 2026 கோடையில் முடிகிறது. அதாவது இன்னும் சில மாதங்களில் ஷார்க்ஸ் டிஃபென்ஸ் கிட்டத்தட்ட வெற்றுத் தாளாக மாறப்போகிறது.

அந்தத் தாளில் எழுத என்ன இருக்கிறது?

முதல் பெயர் சாம் டிக்கின்சன். 19 வயது. 2024-ல் 14-வது இடத்திலிருந்து 11-வது இடத்துக்கு முன்னேற, கையிலிருந்த இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றையும் பஃபலோவுக்குக் கொடுத்து ஷார்க்ஸ் எடுத்த வீரர். நல்ல உயரம், நல்ல வேகம். சென்ற சீசனில் லண்டன் நைட்ஸ் ஜூனியர் அணிக்காக 55 ஆட்டங்களில் 91 புள்ளிகள். ஒன்டாரியோ லீகின் சிறந்த டிஃபென்டர் விருது, கூடவே கனடா ஜூனியர் ஹாக்கியின் உச்சமான மெமோரியல் கோப்பை. இந்தத் தலைமுறை டிஃபென்டர்களில் ஷார்க்ஸிடம் இருக்கும் ஒரே நட்சத்திர வாய்ப்பு இவர்தான்.

இரண்டாவது, ஷகீர் முகமதுல்லின். 23 வயது. மையரை நியூ ஜெர்ஸிக்கு அனுப்பியபோது கிடைத்தவர். 2020-ன் முதல் சுற்றுத் தேர்வு. நீண்ட கைகள், அமைதியான ஆட்டம். தொடர்ந்து ஆட இடம் கிடைத்தால் இரண்டாவது ஜோடியில் பல ஆண்டு நிற்கக்கூடியவர்.

மூன்றாவது, லூகா கக்னோனி. 2023-ல் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டவர். ஐந்தடி ஒன்பது அங்குலம்தான் உயரம். ஆனால் பக்கைக் கையாள்வதில் கில்லாடி. ஷார்க்ஸின் இரண்டாம் நிலை அணியான பாரகூடாவில் முதல் சீசனிலேயே கலக்கினார். என்.எச்.எல். உடல் பலத்துக்கு முன்னால் தாக்குப்பிடிப்பாரா என்பதுதான் கேள்வி.

நான்காவது, ஹாவ்ஷி வாங். பெய்ஜிங்கில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். 2025-ல் 33-வது இடத்தில் தேர்வானார். சீனாவில் பிறந்தவர்களில் என்.எச்.எல். டிராஃப்டில் இவ்வளவு முன்னதாகத் தேர்வானவர் வேறு யாரும் இல்லை. ஆறரை அடி உயரம், ஆச்சரியப்படுத்தும் வேகம். ஆனால் இவர் செதுக்க வேண்டிய கல். மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும்.

இங்கேதான் சிக்கல். டிக்கின்சன், முகமதுல்லின், கக்னோனி, வாங் நால்வரும் இடக்கை ஆட்டக்காரர்கள். அணியின் வலக்கை டிஃபென்டர்களான கிளிங்பெர்க், லில்யெக்ரென், டெஷார்னே மூவரின் ஒப்பந்தமும் 2026-ல் முடிகிறது. கல்லூரி ஹாக்கியில் ஆடும் எரிக் போல்காம்ப் மாதிரி ஓரிரு வலக்கை வீரர்கள் இருந்தாலும், ஐந்தாம் சுற்றில் எடுத்த ஒருவரை நம்பி முதல் ஜோடியைத் திட்டமிட முடியாது. ஆக, இடப்பக்கம் வரிசை நிற்கிறது, வலப்பக்கம் காலியாக இருக்கிறது.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? எட்மண்டனைக் கேளுங்கள்

"சரி, அதான் ஃபார்வர்டுகள் குவிந்து கிடக்கிறார்களே. ஒருத்தரைக் கொடுத்து ஒரு டிஃபென்டரை வாங்க வேண்டியதுதானே?" என்று தோன்றும். இதே யோசனை எட்மண்டன் ஆயிலர்ஸுக்கும் வந்தது.

2010, 2011, 2012 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டிராஃப்டில் முதல் தேர்வு அவர்களுடையது. மூன்று பேருமே ஃபார்வர்டுகள். 2015-ல் மறுபடி முதல் தேர்வு, இந்த முறை கானர் மெக்டேவிட். முன்வரிசை ஜொலித்தது, பின்வரிசை ஓட்டைப் பானை. உடனே தீர்வு வேண்டும் என்று, மெக்டேவிட் வந்த அதே கோடையில் 16-வது, 33-வது தேர்வுகளைக் கொடுத்து க்ரிஃபின் ரைன்ஹார்ட் என்ற இளம் டிஃபென்டரை வாங்கினார்கள். எட்மண்டனுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் முப்பதைக்கூடத் தொடவில்லை. அந்த 16-வது தேர்வில் ஐலண்டர்ஸ் எடுத்த மேத்யூ பார்சல், 2018-ல் கால்டர் கோப்பை வென்றார்.

அடுத்த ஆண்டு இன்னும் பெரிய அடி. 2010-ன் முதல் தேர்வான டெய்லர் ஹாலை நியூ ஜெர்ஸிக்குக் கொடுத்து, வலக்கை டிஃபென்டர் ஆடம் லார்சனை வாங்கினார்கள். ஆளுக்கு ஆள், அவ்வளவுதான். லார்சன் மோசமான வீரர் இல்லை. அடுத்த சீசனிலேயே எட்மண்டன் பத்தாண்டுக்குப் பிறகு பிளேஆஃப் போனதும் உண்மை. ஆனால் ஹால் 2018-ல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார், நியூ ஜெர்ஸி சட்டையில். தேவை முற்றிய பிறகு சந்தைக்குப் போனால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அதே எட்மண்டன் பின்னால் சரியாகவும் செய்தது. 2018-ல் பத்தாவது இடத்தில் எவன் பூஷார்டை எடுத்தார்கள். அவரும் டிக்கின்சன் ஆடிய அதே லண்டன் நைட்ஸ் அணியிலிருந்து வந்தவர். ஏழு ஆட்டம் காட்டிவிட்டு ஜூனியருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு இரண்டாம் நிலை லீகில். முழு சீசன் என்.எச்.எல். ஆடியது 2021-22-ல்தான். ஆற அமர வளர்ந்த அந்தப் பையன்தான் 2024, 2025 இரண்டு ஆண்டும் எட்மண்டன் இறுதிப்போட்டிக்குப் போனபோது டிஃபென்ஸின் முதுகெலும்பாக இருந்தார்.

ஜெயித்தவர்கள் எப்படிக் கட்டினார்கள்?

கொலராடோ அணி 2016-17-ல் வெறும் 48 புள்ளிகள் எடுத்தது. கடைசி இடம். லாட்டரியிலும் ஏமாற்றம்: நான்காவது தேர்வுக்குத் தள்ளப்பட்டார்கள். அந்த நான்காவது தேர்வில் எடுத்த டிஃபென்டர் கேல் மக்கார். உடனே இழுத்துவரவில்லை. இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் ஆடவிட்டார்கள். 2020-ல் ஐலண்டர்ஸுக்குச் சம்பளக் கணக்கில் நெருக்கடி வந்த நேரம் பார்த்து, இரண்டே இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளுக்கு டெவன் டேவ்ஸை வாங்கினார்கள். 2022-ல் இந்த ஜோடிதான் கோப்பையைத் தூக்கியது. பிளேஆஃபின் சிறந்த வீரர் மக்கார்.

2024, 2025 என இரண்டு முறை கோப்பை வென்ற ஃப்ளோரிடாவின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஏரன் எக்பிளாட் அவர்களுடைய 2014-ன் முதல் தேர்வு. கோப்பை கைக்கு வர அவர் பத்தாண்டு காத்திருந்தார். இன்னொரு தூணான குஸ்டாவ் ஃபோர்ஸ்லிங்கை 2021-ல் கரோலினா அணி வேண்டாமென்று பொதுப்பட்டியலில் விட்டபோது, ஃப்ளோரிடா ஒரு வீரரைக்கூட விலையாகக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டது.

இரண்டு அணிகளும் செய்தது ஒன்றுதான். ஒரு நட்சத்திர டிஃபென்டரைப் பொறுமையாக வளர்த்தார்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளை, தேவை வரும் முன்பே, விலை ஏறும் முன்பே பிடித்துவைத்தார்கள்.

"கோல் அடிச்சா போதாதா?"

எதிர்வாதமும் இருக்கிறது. செலிப்ரினி மாதிரி ஒருவர் இருந்தால், நான்கு வாங்கி ஐந்து அடிக்கலாமே? கேட்க ஜாலிதான். கோலி, கெயில், டி வில்லியர்ஸ் மூவரையும் வைத்துக்கொண்டு பெங்களூரு அணி இதையேதான் நம்பியது. 2016 இறுதிப்போட்டியில் தோற்றதையும், முதல் கோப்பைக்கு 2025 வரை காத்திருந்ததையும் ஐ.பி.எல். பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அனுபவசாலிகளே போதும், இளைஞர்கள் மெதுவாக வரட்டும்" என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை. ஓர்லோவ் மாதிரி கோப்பை வென்ற ஒருவர் பக்கத்தில் இருப்பது டிக்கின்சனுக்கு ஆயிரம் பயிற்சி வகுப்புகளுக்குச் சமம். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் 33, 34 வயது ஆட்களை ஓராண்டுக்கு எடுத்து ஒப்பேற்றினால், இளைஞர்கள் ஆட வேண்டிய நிமிடங்களை அவர்கள் தின்றுவிடுவார்கள். பின்னால் நிற்கும் அஸ்கரோவையும் மறக்கக் கூடாது. தினமும் 35 ஷாட்களைத் தனியாகச் சமாளிக்கும் இளம் கோல்கீப்பர் தன்னம்பிக்கையை இழக்க அதிக நாள் ஆகாது.

கடிகாரம் ஓடுகிறது

"பொறுமைதான் முக்கியம் என்றால், எதற்கு இவ்வளவு பதற்றம்?" காரணம் பணம்.

புதிதாக வரும் இளம் வீரருக்கு முதல் மூன்று ஆண்டுகள் குறைந்த சம்பளம்தான். செலிப்ரினியின் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடாது. செலிப்ரினி, ஸ்மித் இருவரின் முதல் ஒப்பந்தமும் 2027 கோடையில் முடிகிறது. புது ஒப்பந்தப் பேச்சை 2026 ஜூலையிலேயே தொடங்கலாம். அதன் பிறகு சம்பளம் பல மடங்கு. அடுத்து மிஸா, அடுத்து டிக்கின்சன். லீகின் சம்பள உச்சவரம்பு இந்த சீசனில் 9.55 கோடி டாலர். அது வரும் ஆண்டுகளில் உயரும் என்றாலும், மற்ற 31 அணிகளுக்கும் அதே அளவுதான் உயரும்.

அதாவது, நட்சத்திரங்கள் மலிவாகக் கிடைக்கும் இந்தக் கொஞ்ச காலத்தில்தான் ஒரு நல்ல டிஃபென்டருக்குப் பெரிய சம்பளம் கொடுக்க முடியும். இந்த ஜன்னல் மூடிவிட்டால், எட்மண்டன் மாதிரி ஒரு நட்சத்திரத்தையே விற்றுச் சுவர் கட்டும் நிலை வரும்.

எனவே ஷார்க்ஸ் இப்போது செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, டிக்கின்சனுக்கு நிழல் கொடுப்பது. ஜூனியரில் அவர் ஜெயிக்க இனி எதுவும் இல்லை. வயது காரணமாக, இந்த சீசனில் அவரை இரண்டாம் நிலை லீகுக்கு அனுப்பவும் விதி இடம் தராது. அதனால் அணியின் தொடக்கப் பட்டியலில் அவரைச் சேர்த்தது சரியான முடிவு. ஆனால் மூன்றாவது ஜோடியில், குறைந்த நிமிடங்களுடன், மூத்தவர் ஒருவர் துணையுடன் ஆட வேண்டும். தப்பு செய்தால் அடுத்த ஆட்டத்தில் உட்காரவைக்காத பொறுமை பயிற்சியாளர் ரயன் வார்சோவ்ஸ்கிக்கு வேண்டும். முதல் ஜோடி என்ற பாரத்தை 19 வயதுத் தோளில் ஏற்றுவது வளர்ச்சி இல்லை, சோதனை.

இரண்டு, முகமதுல்லினுக்கும் கக்னோனிக்கும் இந்த சீசனிலேயே விடை காண்பது. மார்ச் மாத வீரர் பரிமாற்றக் கெடுவுக்குள், ஒப்பந்தம் முடியப்போகும் மூத்தவர்களில் சிலரை விற்றுவிட்டு அந்த நிமிடங்களை இவர்களுக்குத் தர வேண்டும். இவர்கள் தேறுவார்களா என்று தெரியாமல் 2026 கோடைச் சந்தைக்குப் போவது, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்காமல் கடைக்குப் போவது மாதிரி.

மூன்று, ஒரு வலக்கை டிஃபென்டர். 22 முதல் 26 வயதுக்குள், செலிப்ரினியோடு சேர்ந்து வளரும் ஒருவர். அவருக்கு விலையாக டிராஃப்ட் தேர்வுகளையும், இரண்டாம் வரிசை இளம் ஃபார்வர்டுகளையும் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். செலிப்ரினி, ஸ்மித், மிஸா மூவர் மட்டும் பேச்சிலேயே வரக் கூடாது. 2018-ல் கார்ல்சனுக்காக எதிர்காலத்தைக் கொடுத்ததும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை. அன்று வாங்கியது 28 வயதில் உச்சத்தில் இருந்த ஒருவரை, இன்றே ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தில். இப்போது தேவை நாளைக்கு உச்சம் தொடப்போகும் ஒருவர்.

ஸ்கோர்போர்டைத் தாண்டி எதைப் பார்ப்பது?

இந்த சீசனில் ஷார்க்ஸ் ஆட்டங்களின் ஹைலைட்ஸ் உங்கள் ஃபோனில் நிச்சயம் வரும். செலிப்ரினி நாலு பேரைக் கடந்து கோல் அடிப்பார், மிஸா மாயம் காட்டுவார். ரசியுங்கள், தப்பே இல்லை. ஆனால் அணி நிஜமாகவே முன்னேறுகிறதா என்று தெரிய வேண்டுமானால், கோல் விழுந்த பிறகு வரும் அந்தச் சலிப்பான ஐந்து நிமிடங்களைப் பாருங்கள். ஒரு கோல் முன்னிலை, எதிரணி நெருக்குகிறது. அப்போது ஐஸ் மீது நிற்கும் அந்த இரண்டு டிஃபென்டர்கள் யார்? அவர்களுக்கு வயது என்ன? அடுத்த ஆண்டும் அவர்கள் இங்கே இருப்பார்களா?

இன்றைக்கு அந்தக் கேள்விகளுக்கு ஷார்க்ஸிடம் பாதி பதில்தான் இருக்கிறது. மீதிப் பாதியை எழுத 2026 கோடை வரை நேரம் உண்டு. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். சான் ஹோசேயில் சித்திரக்காரர்கள் வந்து, தூரிகையோடு காத்திருக்கிறார்கள். கொத்தனார் வேலை இனி கிரியருடையது.